மேற்றிராணியார் வீட்டு விருந்தாளி

சென்ற ஆண்டு எங்கள் தோட்டப் பள்ளியின் ஆண்டிறுதி விழாவில் 'மேற்றிராணியாரின் மெழுகுவத்தித் தண்டுகள்' என்னும் ஆங்கில ஓரங்க நாடகத்தைத் தமிழாக்கி, ஆறாம் ஆண்டு மாணவரைக் கொண்டு நடத்தினோம். மூங்கில் துண்டுகளில் வெள்ளித்தாள் சுற்றித் தண்டுகள் செய்தோம். அட்டையில் ஒரு கத்தி வெட்டிக்கொண்டோம். பயிற்சிக் கல்லூரியில் நான் மாணவனாய் இருந்த நாளில் இதே நாடகத்தில் காவலர் தலைவனாக வேடம் பூண்டவன். ஆதலின் அதன் ஒவ்வோர் அசைவும் எனக்கு மனப்பாடம். திரை விழுந்ததும் பெற்றோர் கைதட்டினர். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் கண்டேன்.

மறுநாள் வகுப்பில், திருடனாக நடித்த மாணவனே எழுந்து ஒரு கேள்வி கேட்டான். "ஐயா, அந்த ஆளு அந்தத் தண்டையெல்லாம் வித்துத் தின்னுட்டு மறுபடியும் திருடப் போயிருந்தா, பிஷப் செஞ்சது தப்பாயிடுமா?"

நான் தயங்காமல் விடை கூறினேன். அப்படிப் போகமாட்டான், அன்பு காட்டினால் கல்லும் கரையும் என்றேன். பையன் சரி என்று தலையசைத்து உட்கார்ந்தான். ஆனால் விடை அவனுக்குப் போதவில்லை என்பதை அவன் உட்கார்ந்த விதமே காட்டியது. பள்ளி விடுமுறையில் அந்நாடகத்தின் மூலமாகிய பெருநாவலை மீண்டும் எடுத்துப் படித்தேன். நான் சொன்ன விடை பிழையென்று அப்போது உணர்ந்தேன். இந்நாடகத்தை நடத்தியவர்களும் இனி நடத்தப்போகிறவர்களும் இப்பகுதியின் வாசகர்களுள் பலர் இருப்பர். அவர்கள் முன்னிலையில் அப்பிழையைத் திருத்திக்கொள்ள விழைகின்றேன்.

நாவலும் நாடகமும்

விக்டர் ஹியூகோ 'லே மிசரபிள்' என்னும் நாவலை 1862-ல் வெளியிட்டார். புதுவையில் நெடுங்காலம் வாழ்ந்த கவியோகி சுத்தானந்த பாரதியார் அதனைத் தமிழாக்கி 'ஏழை படும் பாடு' எனப் பெயரிட்டார். அப்பெயரிலேயே 1950-ல் பட்சிராஜா நிறுவனத்தார் ஒரு திரைப்படமும் எடுத்தனர். நாகையா அதில் கதைத்தலைவராக நடித்தார். காவலதிகாரி ழாவேர் வேடம் தாங்கிய சீதாராமனுக்கு 'ஜாவர் சீதாராமன்' என்னும் பெயரே நிலைத்துவிட்டது. ஆகவே இக்கதை தமிழர்க்குப் புதியதன்று.

நாவலின் தொடக்கத்தில் வரும் ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, நார்மன் மக்கின்னல் என்னும் நடிகர் ஓரங்க நாடகமாக்கினார். அது 1901-ல் இலண்டனில் மேடையேறியது. பின்னர் ஆங்கிலம் கற்பித்த நாடுகளிலெல்லாம் பாடநூல்களுக்குள் புகுந்தது. நம்மில் பலர் ஹியூகோவை அறியுமுன்னரே மக்கின்னலை அறிந்தவர்கள். நாவல் ஆயிரம் பக்கங்களைக் கடந்து செல்வது. நாடகமோ அரைமணி நேரத்தில் முடிவது. சுருக்கும்போது சில விடுபடுதல் இயல்பே. விடுபட்டவை எவை என்பதே ஈண்டு நம் ஆராய்ச்சி.

நாடகத்தில் நடுநிசியில் ஒருவன் நீண்ட கத்தியோடு மேற்றிராணியாரின் வீட்டுக்குள் நுழைகிறான். கூவினால் கொன்றுவிடுவேன் என்று மிரட்டிச் சோறு கேட்கிறான். அவன் சிறையிலிருந்து தப்பி ஓடிவந்தவன். நோயுற்ற மனைவிக்கு உணவு தேடித் திருடியவன். பத்தாண்டுத் தண்டனை பெற்றவன். மேற்றிராணியார் அஞ்சாமல் உணவும் படுக்கையும் தருகிறார். அவனோ அவருடைய தாயார் மரணப்படுக்கையில் அளித்த வெள்ளித் தண்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். காவலர் பிடித்துவருகின்றனர். அவை நான் கொடுத்தவையே என்று சொல்லி மேற்றிராணியார் அவனை மீட்கிறார். அவன் மனம் உருகி, மீண்டும் மனிதனானேன் என்று வணங்கிச் செல்கிறான். திரை விழுகிறது.

நாவலில் நடப்பது வேறு. கதை 1815-ஆம் ஆண்டு அக்டோபரில், தென்கிழக்குப் பிரான்சின் தீஞ் நகரில் நிகழ்கிறது. ழான் வால்ழான் தப்பி வந்தவன் அல்லன். தண்டனை முழுவதையும் அனுபவித்துத் தூலோன் சிறையிலிருந்து முறைப்படி விடுதலை பெற்றவன். கைம்பெண்ணாகிய தமக்கையும் அவளுடைய ஏழு குழந்தைகளும் பசித்திருக்க, ஓர் உரொட்டியைத் திருடியதற்கு 5 ஆண்டு. தப்ப முயன்றமைக்காக மேலும் 14 ஆண்டு. ஆகமொத்தம் 19 ஆண்டு. விடுதலையானபின் கையில் மஞ்சள் நிறக் கடவுச்சீட்டு. அதனைக் கண்டவர் இவன் சிறைமீண்டவன் என உடனே அறிவர். அவனிடம் உழைத்துச் சேர்த்த காசும் இருந்தது. அவன் பிச்சை கேட்கவில்லை. விலை கொடுத்துச் சோறு கேட்டான்.

அடைபட்ட கதவுகள்

இங்கேதான் நாடகம் முதற் பெரும் இழப்பை அடைகிறது. நாவலில் அவன் மேற்றிராணியார் வீட்டை அடையுமுன் எத்தனை கதவுகள் அடைபடுகின்றன என்பதை ஹியூகோ ஒன்றொன்றாகச் சொல்கிறார். முதல் விடுதியில் அடுப்பில் உணவு வெந்துகொண்டிருக்கிறது. விடுதிக்காரர் ஓர் ஆளை நகரமன்றத்துக்கு ஓட்டி, வந்தவன் யார் என்று விசாரித்து அறிந்தபின், இடமில்லை என்கிறார். இரண்டாம் கடைக்கு அவன் செல்லுமுன்னரே செய்தி சென்றுவிடுகிறது. சிறைக் கதவையே தட்டுகிறான். குற்றம் செய்து வந்தால்தான் இடம் என்கிறான் காவலன். ஒரு வீட்டுக்காரர் துப்பாக்கியை எடுக்கிறார். குடிசையென்று எண்ணிப் புகுந்தது நாயின் கூண்டாக இருக்கிறது. அந்த நாயும் விரட்டுகிறது. இறுதியில் தேவாலயச் சதுக்கத்தில் கல் இருக்கை ஒன்றின்மேல் படுக்கிறான்.

கோவிலிலிருந்து வெளிவந்த ஒரு முதிய மாது அவனைக் கண்டு, தன்னிடமிருந்த சில்லறையை ஈகிறார். எல்லாக் கதவையும் தட்டினாயா என்று கேட்கிறார். தட்டினேன் என்கிறான். அதோ அந்தக் கதவைத் தட்டினாயா என்று ஒரு சிறு வீட்டைச் சுட்டுகிறார். அந்த வீடே மேற்றிராணியார் மிரியேலின் வீடு.

இத்தனை கதவுகளையும் நீக்கிவிட்டு, அவற்றின் இடத்தில் ஒரு கத்தியை வைத்தார் நாடக ஆசிரியர். மேடைக்குக் கத்தி விறுவிறுப்புத் தரும் என்பது உண்மை. ஆனால் அதனால் விளைந்தது யாது? கத்திக்கு முன் கொடுத்த சோறு அச்சத்தால் கொடுத்ததோ அருளால் கொடுத்ததோ என்னும் ஐயத்துக்கு இடம் உண்டாயிற்று. அதனினும் பெரிய தீங்கு ஒன்று உண்டு. நாடகம் பார்க்கும் மாணவனுக்கு, தேவையுற்று வரும் அயலான் என்றாலே ஆயுதத்தோடு வருபவன் என்ற படம் மனத்தில் பதிகிறது. நாவலில் அவன் கதவைத் தட்டுகிறான். உள்ளே வரலாம் என்ற குரல் கேட்டு வருகிறான். வந்தவுடன் தன் பெயரையும் சிறைவாசத்தையும் மஞ்சள் சீட்டையும் தானே உரக்கச் சொல்லிவிடுகிறான். மறைக்கவில்லை, மிரட்டவில்லை. ஊரார் அஞ்சியது அவனுடைய சீட்டுக்கே.

ஒரு மேசையும் ஆறு வெள்ளித் தட்டுமுட்டும்

மேற்றிராணியார் மிரியேல் 75 வயது முதியவர். அரசு அவருக்குத் தந்த ஆண்டுச் சம்பளம் 15,000 பிராங்கு; தமக்கென வைத்துக்கொண்டது 1,000. தமக்குரிய மாளிகையை மருத்துவமனைக்கு விட்டு, மருத்துவமனையாயிருந்த சிறு வீட்டில் தாம் குடியேறியவர். அவ்வீட்டின் கதவுக்குப் பூட்டு இல்லை. இப்பாத்திரத்துக்கு மாதிரியாக அமைந்தவர் 1805 முதல் 1838 வரை தீஞ் நகரின் மேற்றிராணியாராய் இருந்த மியோலிஸ் என்பவர். ஹியூகோ தாம் கோவிலுக்குச் செல்லும் வழக்கமுடையவர் அல்லர். 1864-ல் உரோமைத் திருச்சபை இந்நாவலைத் தடைநூற் பட்டியலிலும் சேர்த்தது. ஆயினும் இரக்கத்துக்கு ஓர் உருவம் தேடியபோது, அவர் கண்டது ஒரு கிறித்துவக் குருவையே.

வந்தவன் தன் வரலாற்றைச் சொல்லி முடித்ததும் மேற்றிராணியார் வீட்டுப் பணிமகளிடம், இன்னொருவருக்கும் இலை போடு என்பதுபோல, மேசையில் இன்னோர் இடம் அமைக்கச் சொல்கிறார். அவன் நம்பவில்லை. தான் சொன்னது அவருக்கு விளங்கவில்லை போலும் என்று எண்ணி, மறுபடியும் முழுவதும் சொல்கிறான். அவரோ படுக்கையில் வெள்ளை விரிப்பு விரிக்கச் சொல்கிறார். அவனை 'ஐயா' என்று விளிக்கிறார். 19 ஆண்டு எண்ணாகவும் இழிசொல்லாகவும் அழைக்கப்பட்டவனுக்கு அந்தச் சொல் தாகத்துக்குத் தண்ணீராகிறது.

அடுத்து வருவதைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். இந்த விளக்கு மங்கலாக எரிகிறதே என்கிறார் மேற்றிராணியார். பணிமகள் மக்லுவார் குறிப்பறிந்து, அவர் அறையிலிருந்த இரண்டு வெள்ளித் தண்டுகளைக் கொண்டுவந்து ஏற்றி வைக்கிறாள். உணவுக்கு அமர்ந்தபின், மேசையில் ஏதோ குறைகிறதே என்கிறார். விருந்தினர் வந்தால் வீட்டிலுள்ள ஆறு வெள்ளித் தட்டுமுட்டுகளையும் பரப்பி வைப்பது அவ்வீட்டு வழக்கம். அன்று அவள் தேவைக்கு மூன்று மட்டுமே வைத்திருந்தாள். மீண்டும் குறிப்பறிந்து எஞ்சியவற்றையும் கொண்டுவருகிறாள்.

இரவில் அவன் திருடிய வெள்ளி இதுவே. அவனைக் கௌரவிப்பதற்காக எடுத்து வைத்த வெள்ளி அது. எடுக்காமல் இருந்திருந்தால் அவன் கண்ணில் பட்டிராது. மேற்றிராணியாரின் இரக்கம் தனக்கே இழப்பைத் தேடிக்கொண்டது என்று சொன்னாலும் பொருந்தும். நாடகத்திலோ தண்டுகள் எப்போதும் அடுப்பின்மேல் நிற்கும் அலங்காரப் பொருள்கள். விருந்துக்கும் களவுக்கும் இடையே ஹியூகோ பின்னிய இந்த இழை அறுந்துபோயிற்று.

அந்த விருந்தில் என்ன பேசினார்கள்? மேற்றிராணியாரின் தங்கை பப்திஸ்தீன் தோழி ஒருத்திக்கு எழுதும் மடலில் அதைச் சொல்வதாக ஹியூகோ அமைத்திருக்கிறார். சிறைமீண்டவன் செல்லவிருந்த ஊர் பொன்தார்லியே. அந்த வட்டாரத்தில் குடியானவர்கள் கூடிப் பால்கட்டி செய்யும் தொழிலைப் பற்றி அவர் விரிவாகப் பேசிக்கொண்டிருந்தார். அது நல்ல தொழில், ஆள்களுக்கு வேலை கிடைக்கும் என்பதை அவன் தானே உணருமாறு பேசினார். போய் அதைச் செய் என்று சொல்லவில்லை. அவன் யார் என்பதை நினைவூட்டவில்லை. தாம் யார் என்பதையும் காட்டிக்கொள்ளவில்லை. குற்றம் கேட்கவில்லை, அறிவுரை கூறவில்லை. தன் துயரம் அவனுக்கு எப்போதும் நினைவிலிருப்பது. ஓரிரவேனும் அதை மறந்து, தானும் பிறரைப்போன்ற ஒருவனே என்று அவன் எண்ணட்டும் என்பதே அண்ணனின் கருத்தாயிருக்கும் என அத்தங்கை உணர்கிறாள்.

என் கருத்தில் நாவலின் உச்சி இந்தப் பால்கட்டிப் பேச்சே. சமயக் குருவுக்கு இதனினும் வாய்ப்பான நேரம் வேறு வராது. பாவி ஒருவன் எதிரில் அமர்ந்து அவருடைய உணவை உண்கிறான். ஒரு சிறு பிரசங்கம் செய்தாலும் குறைசொல்வார் இல்லை. அவர் செய்யவில்லை. நாம் ஒருவருக்கு ஒரு வேளைச் சோறு போட்டால் இரண்டு வேளைக்குப் போதுமான அறிவுரையும் சேர்த்துப் போடுகிறவர்கள். ஆசிரியத் தொழிலில் உள்ளோர்க்கு இக்குறை சற்று மிகுதி. மக்கின்னலின் நாடகத்தில் பால்கட்டி இல்லை. அங்கே உணவுக்கிடையே வந்தவனின் சோகக்கதை முழுவதும் வெளிப்படுகிறது. நமக்கும் அது தேவைப்படுகிறது. அவன் இரக்கத்துக்கு உரியவனே என்று நாம் தீர்மானித்தபின்னரே மேற்றிராணியாரின் செயலை ஒப்புகிறோம்.

பெண்களுக்கு இழைத்த குறை

நாடகத்தில் தங்கைக்குப் பெர்சோமே என்று பெயர். அவள் எந்நேரமும் கடிந்துகொள்பவள். அண்ணன் வெள்ளி உப்புக் கிண்ணங்களை விற்று ஓர் ஏழைக் கிழவியின் வாடகையைக் கட்டியதற்காகப் புலம்புகிறாள். அண்ணனின் உயர்வு விளங்க ஒரு தாழ்வு வேண்டியிருந்தது போலும்.

நாவலின் பெண்கள் அப்படிப்பட்டவர்கள் அல்லர். மக்லுவார் அஞ்சுகிறாள், ஊரில் ஐயத்துக்குரிய ஒருவன் திரிகிறான், கதவுக்குத் தாழ் போடவேண்டும் என்று அவன் வரும் நொடிவரை சொல்லிக்கொண்டிருந்தவள் அவளே. ஆயினும் விளக்கு மங்கல் என்றதும் தண்டுகளைக் கொண்டுவந்தவளும் அவளே. தங்கை அச்சத்தை அடக்கிக்கொண்டு அண்ணனோடு அமர்ந்து உண்கிறாள். அந்த வீட்டில் கதவு திறந்திருந்தால் ஆபத்து மூவருக்கும் பொது. புகழ் மட்டும் ஒருவருக்குப் போயிற்று.

நம் பெரியபுராணத்தில் இளையான்குடி மாறனார் வரலாற்றை நினைவுகூர்க. மழை இரவில் அடியார் வந்தபோது வீட்டில் அரிசி இல்லை. பகலில் விதைத்த நெல்லை வாரிக்கொண்டு வரலாம் என்று வழி சொன்னவர் மனைவியார். விறகு இல்லை என்றபோது நாயனார் கூரை மரத்தை வெட்டித் தந்தார்; சமைத்தவர் அம்மையார். விருந்தோம்பல் என்பது வாசலில் நின்று வருக என்பதோடு முடிவதன்று. உள்ளே அடுப்பு மூட்டுபவர் ஒருவர் வேண்டும் என்பதைச் சேக்கிழாரும் ஹியூகோவும் ஒருங்கே அறிந்திருந்தனர்.

மெய்ப்பொருள் நாயனாரும் மிரியேலும்

பெரியபுராணத்தில் இதனினும் நெருங்கிய ஒப்புமை ஒன்று உண்டு. திருக்கோவலூர் மன்னர் மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன் திருநீறு பூசி, சுவடியில் கத்தியை மறைத்து வந்து குத்துகிறான். காவலன் தத்தன் அவனை வெட்ட வாள் எடுக்கிறான். நாயனார் அவனைத் தடுத்து, ஊரார் எவரும் தீங்கு செய்யாமல் அவனை எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விடுமாறு பணிக்கிறார். அது நிறைவேறியது என்று கேட்ட பின்னரே உயிர்விடுகிறார். தமக்குத் தீங்கிழைத்தவனைக் காவலரிடமிருந்து காத்ததில் இருவரும் ஒருவரே. நாடகம் முடிந்ததும் இந்த வரலாற்றைச் சொல்லி, எல்லாச் சமயமும் சொல்வது ஒன்றே என்று பாடத்தை முடிப்பது நம் வழக்கம். நானும் அப்படியே முடித்தவன்.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறைக்கலாகாது. நாயனார் போற்றியது வேடத்தை. பொய்யாக அணிந்த திருநீறாயினும் அது தம் இறைவனின் அடையாளம் என்று வணங்கினார். அதுவே அவர்தம் பெருமை. மிரியேல் முன் வந்தவனிடம் போற்றத்தக்க அடையாளம் ஒன்றும் இல்லை. இருந்த ஒரே அடையாளம் மஞ்சள் சீட்டு. அது, இவனை நம்பாதே என்று அரசு எழுதிக்கொடுத்த எச்சரிக்கை. நாயனாரின் செயல் பத்தியின் எல்லை. மிரியேலின் செயல் முன்பின் அறியாதவனிடம் காட்டும் இரக்கத்தின் எல்லை. இரண்டும் அரியன, ஆயினும் ஒன்று மற்றொன்று அன்று.

மிரியேலின் செயலுக்கு வேர் விவிலியத்தில் உள்ளது. என் அயலான் யார் என்று ஒரு சட்ட அறிஞர் வினவ, இயேசுநாதர் ஒரு கதை சொன்னதாக லூக்கா நற்செய்தியின் 10-ஆம் அதிகாரம் கூறுகிறது. எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் வழியில் கள்வரிடம் அடிபட்டுக் கிடக்கிறான் ஒருவன். குரு ஒருவரும் லேவியர் ஒருவரும் விலகிப் போகின்றனர். யூதர்கள் தாழ்வாக எண்ணிய சமாரியன் ஒருவன் நின்று, காயத்துக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டி, தன் விலங்கின்மேல் ஏற்றிச் சத்திரத்தில் சேர்க்கிறான். அடிபட்டவன் யார், எந்த ஊர், நல்லவனா என்று அவன் கேட்டதாகக் கதையில் ஒரு சொல்லும் இல்லை. இரண்டு வெள்ளிக்காசு கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று கணக்கை மூடாமல் போகிறான். அடிபட்டவன் பிழைத்தானா, நன்றி சொன்னானா என்பதும் கதையில் இல்லை. யார் என் அயலான் என்ற கேள்வியை, யார் அவனுக்கு அயலானாய் நடந்துகொண்டான் என்று இயேசுநாதர் திருப்பிக் கேட்டதோடு கதை முடிகிறது. வந்தவனைச் சோதிப்பதை விட்டு நம்மை நாமே சோதித்துக்கொள்ளச் செய்வது அக்கேள்வி.

தமிழிலும் 'விருந்து' என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம் பொருள். விருந்தினர் என்றால் புதியவர். சுற்றத்தாரும் நண்பரும் வந்து உண்பதை அச்சொல் முதலில் குறிக்கவில்லை. இன்று மண்டபத்தில் உறவினர்க்கு இடும் சோற்றுக்கே அப்பெயர் வைத்துவிட்டோம். சொல் இருக்கிறது, புதியவரைக் காணோம்.

காலை நேரத்துக் கணக்கு

இரவு இரண்டு மணிக்கு வால்ழான் விழித்துக்கொள்கிறான். படுக்கை மிக நன்றாயிருந்ததே அவன் விழித்தமைக்குக் காரணம் என்கிறார் ஹியூகோ. ஏறத்தாழ 20 ஆண்டு கட்டிலில் படுத்தறியாத உடம்பு அது. வெள்ளியை எடுத்துக்கொண்டு சுவரேறிக் குதித்துப் போகிறான். காலையில் மக்லுவார் பதறுகிறாள். அந்த வெள்ளி ஏழைகளுக்கு உரியது, நாம்தாம் அதை நெடுநாள் வைத்திருந்துவிட்டோம் என்கிறார் மேற்றிராணியார். காவலர் அவனைப் பிடித்து வந்ததும், தண்டுகளையும் தந்தேனே, ஏன் விட்டுப் போனீர் என்று கேட்டு அவற்றையும் கொடுக்கிறார்.

இங்கே என் மனத்தில் நெடுநாளாக இருக்கும் ஒரு தடையைச் சொல்லிவிடுகிறேன். காவலர் சென்றபின் மேற்றிராணியார் அவனிடம், இந்தப் பொருளைக் கொண்டு நேர்மையானவனாக வாழ்வதாக நீ எனக்கு வாக்களித்திருக்கிறாய் என்கிறார். அவனுக்கோ அப்படி வாக்களித்த நினைவே இல்லை. அவன் ஆன்மாவைத் தாம் விலைக்கு வாங்கிவிட்டதாகவும் கூறுகிறார். முந்தைய மாலையில் கைம்மாறு கருதாமல் கொடுத்தவர் காலையில் ஒரு கணக்கை நீட்டுகிறாரே என்பதே என் தடை. அதுவே அவனைத் திருத்தியது என்று சிலர் விடையளிப்பர். அவ்விடை கதையோடு பொருந்தவில்லை. ஏன் என்பதற்கு நாடகம் முற்றிலும் மறைத்துவிட்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்லவேண்டும்.

அன்று மாலையே வெளியூரில் ஒரு புதர் ஓரம் வால்ழான் அமர்ந்திருக்கிறான். ழெர்வே என்னும் பத்து வயதுள்ள ஏழைச் சிறுவன் காசுகளை எறிந்து பிடித்துக்கொண்டு வருகிறான். 40 சூ மதிப்புள்ள நாணயம் ஒன்று உருண்டு வர, வால்ழான் அதன்மேல் காலை வைத்துவிடுகிறான். பையன் கெஞ்சுகிறான், அழுகிறான். வால்ழான் உறுமி விரட்டுகிறான். பையில் மேற்றிராணியாரின் வெள்ளி, காதில் அவருடைய சொல், காலடியில் ஒரு குழந்தையின் காசு. பையன் போனபின்னரே தான் செய்தது அவனுக்கு உறைக்கிறது. ஓடித் தேடுகிறான், பையன் அகப்படவில்லை. 19 ஆண்டுகளில் முதன்முறையாக அழுகிறான். இரவு மூன்று மணி அளவில் மேற்றிராணியாரின் கதவுக்கு எதிரே தெருவில் ஒருவன் மண்டியிட்டிருந்ததை வண்டிக்காரன் ஒருவன் கண்டான் என்று அப்பகுதி முடிகிறது. அவன் கதவைத் தட்டவில்லை.

பின்னர் அவன் அந்த வெள்ளித் தட்டுமுட்டுகளை விற்றும்விடுகிறான்; தண்டுகளை மட்டும் நினைவுக்கு வைத்துக்கொள்கிறான். வேற்றூரில் வேறு பெயரில் தொழில் நடத்தி, நூற்றுக்கணக்கானவர்க்கு வாழ்வளிக்கிறான். மேற்றிராணியார் 1821-ல் மறைகிறார். தாம் விட்ட விதை முளைத்தது என்பதை அவர் அறிந்ததாகக் கதையில் ஒரு சொல்லும் இல்லை.

மாணவனுக்கு விடை

இப்போது என் மாணவனின் கேள்விக்கு வருகிறேன். அவன் தண்டை விற்று, மறுபடியும் திருடப் போயிருந்தால் என்று கேட்டான். நாவலின்படி அவன் வெள்ளியை விற்கவும் செய்தான். மறுபடியும் திருடவும் செய்தான், அதுவும் ஓர் ஏழைக் குழந்தையிடம். பையன் ஐயப்பட்டது ஏற்கெனவே நூலில் எழுதப்பட்டிருக்கிறது. அதை அறியாமல் நான் அவன் வாயை அடைத்தேன்.

அப்படித் திருடியதால் மேற்றிராணியார் செய்தது தவறாயிற்றா? வால்ழான் அந்தப் புதரடியில் அழாமலே எழுந்து போயிருந்தால்கூடத் தவறாகியிராது. மேசையில் ஓர் இடம் அமைக்கச் சொன்னபோது, இவன் நாளை நல்லவனாவான் என்ற கணக்கு அவரிடம் இல்லை. பசித்தவன் ஒருவன் குளிரில் நின்றான்; அவரிடம் சோறும் படுக்கையும் இருந்தன. அச்செயலின் நியாயம் அந்த மாலையிலேயே முழுமை பெற்றுவிட்டது. பின்னால் வந்த நன்மை அதற்குச் சான்றிதழ் அன்று, வராதிருந்தாலும் குறைவில்லை. நாம் நடத்தும் நாடகம் இதைத் தலைகீழாக்கிவிடுகிறது. திருடன் திருந்தினான், ஆகவே இரக்கம் நல்லது என்று கற்பிக்கிறது. அப்படிக் கற்ற மாணவன் நாளை ஒருவருக்கு உதவி, அவர் நன்றிகெட்டு நடந்தால், இரக்கமே பொய் என்று முடிவு கட்டுவான்.

இதனால் மக்கின்னலின் நாடகத்தை ஒதுக்கவேண்டும் என்பது என் கருத்தன்று. சிறுவர் நடிப்பதற்கு ஏற்ற அளவும் கட்டுக்கோப்பும் உடையது அது. ஆனால் நடத்தும் ஆசிரியர் நாவலிலிருந்து மூன்று பகுதிகளை மாணவர்க்குக் கதையாகச் சொல்லிவிடல் வேண்டும்: அடைபட்ட கதவுகள், பால்கட்டிப் பேச்சு, சிறுவனின் காசு. மூன்றையும் சொல்ல இரண்டு பாடவேளை போதும்.

இன்னொன்றும் உண்டு. நம் பாட்டன்மார் கப்பலேறி வந்து இந்நாட்டுத் தோட்டங்களில் இறங்கியபோது, அவர்களும் மொழி தெரியாத புதியவர்களே. இன்று அதே தோட்டங்களில் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் தாளின் நிறத்தை நாமும் பார்க்கிறோம். விழா நடந்த அன்று மாலை, அத்தகைய தொழிலாளி ஒருவர் மழைக்கு ஒதுங்கி எங்கள் பள்ளி வாயிலில் நின்றார். உள்ளே நாற்காலிகள் காலியாக இருந்தன. மேடையில் மேற்றிராணியார் கதவைத் திறந்துகொண்டிருந்தார். வாயிற்கதவைத் திறக்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. மழை விட்டதும் அவர் போய்விட்டார்.

புதிய பள்ளித் தவணை தொடங்கியதும் அம்மாணவனைத் தேடிப் போய் இந்த விடையைச் சொல்ல எண்ணினேன். அவன் இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டான். ஆயினும் அவன் வீடு எங்கள் தோட்டத்து வரிசையில்தான் இருக்கிறது. போய்ச் சொல்லவேண்டும், வாயிலில் நின்றவரைப் பற்றியும் சேர்த்தே சொல்லவேண்டும்.